எடைச்சீட்டைப் பார்த்து ஸ்பிரிங் போடுங்கள்

திருவனந்தபுரத்தில் கேரவன் என்று சொன்னால் பலருக்கும் பஸ் சேசிஸ்மேல் கட்டிய சுற்றுலா வண்டிதான் ஞாபகம் வரும். 2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் வாகமணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. அந்த வண்டிகளில் எஞ்சினும் படுக்கையும் ஒரே சேசிஸில் இருக்கும். நான் இங்கே எழுதுவது இன்னொரு வகையைப் பற்றி: நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன கேரவன். நம் பக்கத்தில் இது குறைவுதான். ஆனால் வாங்க நினைப்பவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கேரவனுக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வண்டிக்குப் பின்னால் என்ன ஸ்பிரிங் போடலாம்?

வட்டியூர்க்காவில் இருக்கும் என் அத்தானும் அதையேதான் கேட்டார். ஸ்கார்ப்பியோ என், ஃபோர் வீல் டிரைவ். குற்றால சீசனுக்குக் குடும்பத்தோடு போய் ரெண்டு நாள் தங்க வேண்டும், லாட்ஜ் தேடி அலையக் கூடாது என்பது அவருடைய பல வருட ஆசை. ரெண்டு பேர் படுக்கிற அளவு கேரவன் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தது. அதைப் பார்த்து அக்காவுக்குப் பயம்.

"மாப்ளே, கடையில ரெண்டு இஞ்சு தூக்குற கிட்டு போட்டாத்தான் சரியா வரும்னு சொல்லுதான். நீ என்ன சொல்லுதே?" என்றார்.

"தூக்குறதுக்கு முன்னால நிறுத்துப் பாத்துருவோம் அத்தான்" என்றேன்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருப்பதே இதுதான். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது எடை. பிராண்டோ விலையோ அல்ல, பக்கத்து வீட்டு வண்டி பார்க்க எப்படி நிற்கிறது என்பதும் அல்ல. எடை தெரியாமல் வாங்குகிற ஸ்பிரிங் யாரோ ஒருவருடைய வண்டிக்குப் பொருந்தும், நம்முடையதற்குப் பொருந்துமா என்பது அதிர்ஷ்டம்.

நிறுப்பது பெரிய வேலை இல்லை. நம் ஊரில் கல் குவாரி, மரக்கடை, பழைய இரும்புக் கடை என்று எங்கேயாவது ஓர் எடை மேடை இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள். முதலில் வண்டியை மட்டும் முழுசாக ஏற்றி நிறுக்க வேண்டும். அப்புறம் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பின்பு பின் சக்கரங்கள் மட்டும். பிறகு கேரவனை மாட்டி இதே வரிசையில் மறுபடியும். பயணத்துக்குப் போகிற மாதிரியே ஆட்கள், டீசல், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். வெறும் கேரவனின் எடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அத்தானின் கேரவன், சாமானும் முழுத் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்து, 920 கிலோ காட்டியது.

அடுத்தது கொக்கி எடை. கேரவனின் மூக்கு, வண்டியின் பின்னால் இருக்கும் டோ பால் உருண்டை மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். முற்றத்தில் ஒரு பிளைவுட் துண்டு போட்டு, அதன்மேல் ஆள் எடை பார்க்கும் மெஷினை வைத்தோம். மெஷின்மேல் ஒரு மரக்கட்டை. கேரவன் மட்டமாக நிற்கும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு அறுத்தது. சக்கரங்களுக்கு ஆப்பு வைத்துவிட்டு, மூக்குச் சக்கரத்தின் கைப்பிடியை அத்தான் மெதுவாகச் சுற்றினார். கொக்கி கட்டையில் உட்கார, முள் நகர்ந்து நகர்ந்து 98இல் நின்றது. தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டோம். அறுபது லிட்டரும் முருங்கை மரத்தடிக்கு ஓடி முடிந்தபோது முள் 72இல் இருந்தது. தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் அறுபது கிலோ போனதில் கொக்கியில் மட்டும் 26 கிலோ குறைந்தது. கேரவனின் மொத்த எடை 860 ஆகிவிட்டது.

இந்த 98ஐ அப்படியே பின் அச்சில் கூட்டக் கூடாது. நிறைய பேர் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கொக்கி பின் சக்கரத்துக்கு வெளியே, சீசா பலகையின் நீட்டிய முனை போல இருக்கிறது. அங்கே அழுத்தினால் பின் சக்கரத்தில் கூடுதல் பாரம் விழும், முன் சக்கரத்தில் பாரம் குறையும். ஸ்கார்ப்பியோ என்னின் வீல்பேஸ் 2,750 மி.மீ. அத்தான் வண்டியில் பின் அச்சிலிருந்து டோ பால் ஏறக்குறைய 1,150 மி.மீ. தள்ளி இருக்கிறது. கொக்கியில் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1,150ஐ 2,750ஆல் வகுத்துப் பெருக்குங்கள்: சுமார் 42 கிலோ. முன் அச்சிலிருந்து 42 கிலோ காணாமல் போகிறது, பின் அச்சில் 142 கிலோ ஏறுகிறது.

இனி டேப்பை எடுங்கள். நாலு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கேரவன் இல்லாமல் ஒரு முறை, மாட்டிய பிறகு ஒரு முறை. தொட்டி நிறைந்திருந்தபோது அத்தான் வண்டியில் பின்பக்கம் 28 மி.மீ. இறங்கியிருந்தது, முன்பக்கம் 8 மி.மீ. ஏறியிருந்தது. கிட்டத்தட்ட 140 கிலோவுக்கு 28 மி.மீ. என்றால் மில்லிமீட்டருக்கு 5 கிலோ. பின்பக்க இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்தில் கொடுக்கிற விறைப்பு அதுதான். எந்தக் கேட்டலாக்கும் பார்க்காமல் நம் வண்டியின் ஸ்பிரிங்கை நாமே அளந்துவிட்டோம். இந்த எண் கையில் இருந்தால் கடையில் போய்ப் பேசலாம். இறக்கம் பாதியாக வேண்டும் என்றால் விறைப்பு ரெட்டிப்பாக வேண்டும். ரெட்டிப்பு விறைப்போடு கேரவன் இல்லாமல் தினமும் பேட்டை வரைக்கும் ஆபீஸ் போய் வர முடியுமா என்று அத்தானிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த வண்டி கேரவன் இல்லாமல்தான் ஓடும். ஸ்பிரிங் விஷயத்தில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கனத்த ஸ்பிரிங் போட்ட வண்டி காலியாகப் போகும்போது ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் துள்ளும். துள்ளுகிற சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. மழைக்காலத்தில் வளைவில் பிரேக் மிதிக்கும்போது அது எவ்வளவு முக்கியம் என்று நம்மூரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இந்தத் துறை வேறு மாதிரி வளர்ந்தது. அங்கே இரண்டரை டன், மூன்று டன் கேரவனை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். ஓல்ட் மேன் எமு, கிங் ஸ்பிரிங்ஸ், லவெல்ஸ், டாபின்சன்ஸ் எல்லாம் அந்தத் தேவையிலிருந்து வளர்ந்த பெயர்கள். அவர்கள் ஸ்பிரிங்கை நிரந்தரப் பாரத்தை வைத்துப் பிரித்து விற்கிறார்கள்: எப்போதும் வண்டியிலேயே இருக்கிற பாரம் இவ்வளவு என்றால் இந்த ஸ்பிரிங். நிரந்தரம் என்றால் பின்பக்கம் பொருத்திய அலமாரி, இரண்டாவது டீசல் டாங்க், இரும்பு பம்பர் போல இறக்கவே இறக்காத பாரம். விடுமுறைக்கு மட்டும் மாட்டுகிற கேரவன் அந்தக் கணக்கில் வராது. இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு 400 கிலோ ஸ்பிரிங்கை இறக்குமதி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காசு போவது ஒரு பக்கம். முதுகுவலி வாழ்நாளுக்கும் இருக்கும்.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு எதில் இருக்கிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டோம். கம்பியின் கனம்தான் ராஜா. விட்டத்தின் நாலாம் அடுக்கில் விறைப்பு ஏறும். மற்ற அளவெல்லாம் அப்படியே இருக்க, 14 மி.மீ. கம்பியை 15 ஆக்கினால் விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் கையில் தூக்கிப் பார்த்தோ சுற்றுகளை எண்ணியோ வாங்க வேண்டாம், மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதிக் கேளுங்கள். உயரமும் விறைப்பும் வேறு வேறு. ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்தால் வண்டி உயரும், விறைப்பு மாறாது. கேரவன் மாட்டினால் முன்பு இறங்கிய அதே 28 மி.மீ. இறங்கும். ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் வண்டி தாழும், ஸ்பிரிங் விறைக்கும். வெட்டிய ஸ்பிரிங்கை எந்த வண்டியிலும் போடக் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நெருக்கமாகத் தொடங்கி அகலமாக முடிகிற சுற்றுகளைக் கொண்ட ஸ்பிரிங்கும் உண்டு. காலியாக இருக்கும்போது மென்மை, பாரம் ஏறியதும் நெருங்கிய சுற்றுகள் ஒன்றோடொன்று படிந்து விறைப்பு. சில மாதங்கள் காலி, சில நாட்கள் கேரவன் என்கிற வாழ்க்கைக்கு இது ஓரளவு பொருந்தும். சுருளுக்குள்ளே வைக்கிற காற்றுப்பையும் அப்படித்தான், வேண்டும்போது காற்றடித்துக்கொள்ளலாம்.

பட்டை ஸ்பிரிங் வண்டிக்காரர்களுக்குக் கதை வேறு. பொலேரோ, இசுசு வி-க்ராஸ், ஹைலக்ஸ், 2020க்கு முந்தைய தார் எல்லாம் பின்பக்கம் பட்டைதான். 2020 அக்டோபரில் வந்த தாரில்தான் பின்பக்கம் சுருளானது. பட்டை என்றாலே பட்டறையில் கிடைக்கும் பதில், "ஒரு பட்டை கூட்டிப் போட்ருவோம்." எங்கே கூட்டுகிறார்கள் என்று நின்று பாருங்கள். மெயின் அடுக்குக்குள்ளேயே ஒரே மாதிரிப் பட்டையைச் சேர்த்தால், ஐந்து ஆறாகும்போது விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். காலியாக இருந்தாலும் அந்த விறைப்பு இருக்கும். அடுக்குக்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, அதிகம் வளையாத கனத்த பட்டையாக வைத்தால் வண்டி அந்த அளவு இறங்கிய பிறகுதான் அது வேலைக்கு வரும். பாரவண்டிகளில் இருப்பது இந்த இரண்டாவது ஏற்பாடு. கேரவன் இழுக்கிறவர்களுக்கும் இதுதான் நல்லது. மார்த்தாண்டம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு ஆசான் எனக்கு இதைப் பழைய யூ போல்ட்டையும் நாலு பட்டையையும் பெஞ்சில் வைத்துக் காட்டினார். "வண்டிய ஒசத்த வேண்டாம் கேட்டியளா, பாரம் வரும்போ தாங்குனா போதும்" என்றார். பட்டை வண்டியில் சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே காற்றுப்பை வைப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பட்டை தன் பாரத்தை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் சேசிஸுக்குக் கொடுக்கிறது. பையோ நடுவே ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்னால் கனத்த கேரவன் தொங்க, நீளமான பிக்கப் வண்டிகளின் சேசிஸ் அந்த இடத்திலேயே வளைந்துபோன சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நிறைய.

இப்போது முன் அச்சுக்கு வருவோம். இந்தப் பதிவில் ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கனத்த ஸ்பிரிங் போட்டு, பின்பக்கத்தை நிமிர்த்தி, வண்டி மட்டமாக நிற்கிறது. பார்க்க அழகு. ஆனால் முன் சக்கரத்திலிருந்து போன அந்த 42 கிலோ திரும்பி வரவில்லை. எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், எடைச்சீட்டில் அதே எண்தான் இருக்கும். ஸ்பிரிங் வண்டியின் தோரணையை மாற்றும், பாரம் எந்த அச்சில் எவ்வளவு என்பதை மாற்றாது. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன் சக்கரத்தை நம்பித்தான் இருக்கின்றன. அந்த எடை திரும்ப வேண்டும் என்றால் கொக்கி எடையைக் குறைக்க வேண்டும், அல்லது வண்டிக்குள் இருக்கும் சாமானை முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் விறைத்த கம்பிகளால் நெம்பிப் பாரத்தை முன்னும் பின்னும் பகிர்ந்து கொடுக்கிற ஹிட்ச் வேண்டும்.

கொக்கி எடையை அளவுக்கு மீறிக் குறைப்பதும் ஆபத்து. மூக்கு லேசாக இருக்கிற கேரவன் வேகம் பிடித்ததும் வால் ஆட்டத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்கட்டும் என்பார்கள், ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். அத்தானுக்கு நாங்கள் எடுத்த முடிவு: போகும்போது தண்ணீர்த் தொட்டி காலி, தங்குகிற இடத்தில் நிரப்பிக்கொள்வது. கொக்கியில் 72 கிலோ என்றால் 860இல் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பின் அச்சில் ஏறுவது 139க்குப் பதில் 102 கிலோ, இறக்கம் 20 மி.மீ. கேஸ் சிலிண்டரையும் கருவிப் பெட்டியையும் கேரவனின் அச்சுக்கு நேர் மேலே மாற்றினோம். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. அச்சு மேலே வந்து முட்டும் ரப்பரான பம்ப் ஸ்டாப்புக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியையும் அளந்தோம். முழுப் பாரத்தில் அந்த இடைவெளி பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அவருக்குப் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

ஷாக் அப்சார்பரை மறந்துவிட்டு ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு. ஸ்பிரிங் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கத்தான் பார்க்கும். அதை அடக்குவது ஷாக். விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு, பழைய ஷாக்கை அப்படியே விட்டால் அது மேலெழும் துள்ளலைப் பிடித்து நிறுத்தத் திணறும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், தேய்ந்த ஷாக்கை மாற்றுவதே முதலில்.

கேரவனின் சொந்த ஸ்பிரிங்கையும் குனிந்து பாருங்கள். டிராக்டர் டிரெய்லர் கட்டிப் பழகிய பட்டறைகளில் செய்த கேரவன்களில் தேவைக்கு மேல் விறைத்த பட்டைகள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கேரவன் ஒவ்வொரு ஹம்ப்பிலும் குதிக்கும். அந்தக் குதி முழுவதும் கொக்கி வழியாக வண்டிக்கு வரும். வண்டியின் ஸ்பிரிங் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கேரளத்தில் இருக்கிறோம் என்பதால் சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதற்குத் தளர்வாகப் பொருள் சொல்லியிருந்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், ஜெயச்சந்திரா வழக்கில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், உரிமையாளரே மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப்பால் பிரபலமான இரு சகோதரர்களின் கேரவன் வேனை, விதியை மீறி மாற்றியதாகச் சொல்லி, மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்தது கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. ரெண்டு இஞ்சு உயர்த்திய வண்டியும் கண்ணுக்குத் தப்பாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இந்த மாற்றத்தைப் பற்றித்தான். ஸ்பிரிங் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடை வரம்பும் உயராது. ஆஸ்திரேலியாவில் அங்கீகரிக்கப்பட்ட ஸ்பிரிங் போட்டு எடை வரம்பை உயர்த்திப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அதை வைத்து இங்கே யாராவது "கெப்பாசிட்டி கூடும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். காற்றுப்பையோ வேறு ஸ்பிரிங்கோ போடுவதற்கு முன் தயாரிப்பாளரிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம், கொக்கியில் எவ்வளவு தாங்கும் என்பதையும் கையேட்டில் தேடுங்கள்; இல்லையென்றால் அதையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். கேரவனும் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லர் வகையே மாறுகிறது.

அத்தான் கடைசியில் ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை. அந்தப் பணம் கேரவனின் பிரேக்குக்குப் போனது. வண்டி வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னால் தள்ளுகிற விசையிலேயே தானாகப் பிடிக்கிற பிரேக். நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகத்தான் அவர் செங்கோட்டை போகிறார். ஆரியங்காவு தாண்டிப் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது 860 கிலோவைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது அந்த பிரேக்தான், எந்த ஸ்பிரிங்கும் அல்ல. பொன்முடிக்கு மட்டும் கேரவனை ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 22 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க இடமில்லை.

எல்லோருக்கும் பழைய ஸ்பிரிங்கே போதும் என்று நான் சொல்லவில்லை. வண்டி ஏழெட்டு வருடம் ஓடி ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், காலியாக இருக்கும்போதே கம்பெனி சொன்ன உயரத்தைவிடத் தாழ்ந்து நின்றால், கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் ஜோடியாக மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம், வலியதுறை, விழிஞ்ஞம் என்று குடியிருப்பவர்கள் சுருளின் கடைசிச் சுற்று உட்கார்கிற இடத்தைத் துடைத்துப் பாருங்கள். மணலும் உப்பும் அங்கேதான் தங்கும், பெயின்ட் உதிர்ந்த இடத்திலிருந்துதான் ஸ்பிரிங் ஒடியும். பின்பக்கம் நிரந்தரமாகப் பாரம் வைத்திருப்பவர்கள், எடைச்சீட்டோடு போய், அந்த எடைக்குத் தகுந்த அடுத்த நிலை ஸ்பிரிங்கை, எழுத்தில் அனுமதி கிடைத்தால் மட்டும், வாங்குங்கள்.

கேரவன் வாங்குகிற யோசனையில் இருப்பவர்கள் இந்த வாரமே வண்டியைக் காலியாக ஒரு முறை நிறுத்து, நாலு சக்கரத்தின் உயரத்தையும் எழுதி வையுங்கள். கேரவன் வந்த பிறகு ஒப்பிட அந்த எண்கள் வேண்டும். கணக்கில் சந்தேகம் இருந்தால் மூன்று எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்: வீல்பேஸ், பின் அச்சிலிருந்து டோ பால் வரை உள்ள தூரம், கொக்கி எடை. போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.